ஊதாத கிளாரினெட்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணனும் இந்தப் பக்கம் அண்ணியும் உட்கார்ந்திருக்க, அண்ணி கேட்ட ஒரு கேள்வியோடு அவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

"நாலு டயர் மாத்தினேன்னு சொன்னீங்க. சரி. எந்த டயருக்குங்க சங்கீதம் தெரியும்?"

கார்டுக் கணக்கில் டயர் கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இசைக்கருவிக் கடையின் பெயர் இருந்தது. அதுதான் விஷயம்.

அண்ணனுக்குப் பொய் நிற்காது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறவர் அவர். அடுத்தவர் பதற்றத்தை ஆற்றத் தெரியும், தன் பதற்றத்தை மறைக்கத் தெரியாது. எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கி மேசைமேல் வைத்துத் திறந்தார். வெல்வெட் பள்ளங்களில் துண்டு துண்டாக ஒரு கிளாரினெட் படுத்திருந்தது.

பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வண்டியை நிறுத்திவிடுவார்கள். மேட்டு ரோட்டு சிக்னல். பச்சை விழுந்ததும் காலை எடுப்பார்கள், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். அந்த இடத்துக்கு நேர் எதிரேதான் இசைக்கருவிக் கடையின் கண்ணாடி ஜன்னல். வருஷக்கணக்காக, ஒவ்வொரு நாளும், அணைந்த வண்டிக்குள் உட்கார்ந்து அண்ணன் அந்தக் கிளாரினெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் மனசு அடங்கவில்லை. பெட்ரோலுக்கென்று அண்ணி கொடுத்திருந்த துணைக் கார்டைத் தேய்த்து, தவணையாக மாற்றி, வாங்கிவிட்டார்.

அன்று மாலை சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் அன்று மாலைதான் தங்கை ஓடி வந்து, தனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னாள்.

தங்கைக்குக் கிரெடிட் கார்டு நிறுவனம் ஒன்றின் தொலைபேசிச் சேவையில் வேலை. காலையிலிருந்து மாலை வரை முன்பின் தெரியாதவர்களின் கோபத்துக்குக் காது கொடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் பேச மாட்டாள். அதனாலேயே அண்ணன் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருந்தார். அவளை விட்டுப் போன கணவர், போகும்போது அவள் பெயரிலிருந்த கார்டை வழித்துத் துடைத்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு எந்த வங்கியும் அவளுக்குக் கார்டு தரவில்லை. "ஊருக்கெல்லாம் கார்டு பத்தி வகுப்பு எடுக்கறேன். எனக்குன்னு ஒண்ணு கிடையாது" என்று அவளே சிரிப்பாள். இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள்.

அவளுக்குக் கிடைத்த இடம், சைகை மொழிபெயர்ப்பாளர் படிப்பில். மாலை வகுப்பு. அதற்கான கட்டணத்தை அண்ணியின் கார்டிலிருந்து கட்டிவிடலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் சொல்லாமலே தெரிந்த ஏற்பாடு. அந்தக் கார்டின் வரம்பில்தான் முக்கால்வாசியைக் கிளாரினெட் விழுங்கிவிட்டிருந்தது.

"ஊதினீங்களா?" என்று மட்டும் கேட்டாள் அண்ணி.

"இல்லம்மா. உன்கிட்ட சொல்லாம ஊதக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். ஊதாத வரைக்கும் திருப்பி எடுத்துக்குவாங்க. கடையில சொல்லித்தான் குடுத்தாங்க."

கட்டணம் கட்டக் கடைசி நாள் இன்று. மாலை ஐந்து மணி வரை.

*

காலையில் அண்ணி வழக்கம்போல ஜன்னல் ஓரம் நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய பிரார்த்தனையில் கேட்பது குறைவு. நேற்று யாரெல்லாம் தனக்கு நல்லது செய்தார்களோ அவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். இன்று அந்த வரிசையில் கணவரும் இருந்தார். பொய் சொன்னவர்தான். ஆனாலும் ஊதாமல் வைத்திருந்தாரே!

அவள் கண்ணைத் திறந்தபோது பெட்டி மேசைமேல் தயாராக இருந்தது.

இந்தப் பதினைந்து நாளும் அந்த வீட்டில் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அலமாரியிலிருந்து துணி எடுக்க அவள் உள்ளே போனால், காற்றில் விரல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அப்போது புரியவில்லை. போன வாரம் உண்மை வெளியே வந்த பிறகு அவருக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஊதும் முனையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, வெறும் குழலை மட்டும் பொருத்தி வைத்துக்கொண்டு, துளைகளின் மேல் விரல்களை ஓட்டிப் பார்ப்பார். எதிர் நாற்காலியில் தங்கை சைகைகளைப் பழகிக்கொண்டிருப்பாள். இரண்டு பேர், நாலு கை, இருபது விரல், ஒரு சத்தம் கிடையாது. நடுவில் உட்கார்ந்து நாளைய சமையலுக்குக் காய் நறுக்கும் அண்ணிக்கு, தான் ஒருத்திதான் இந்த வீட்டில் சத்தம் போடுகிறோமோ என்று இருக்கும்.

"ஏம்மா, நானே கொண்டு போய்க் குடுத்துடறேனே" என்றார் அண்ணன், கார்ச் சாவியைத் தேடியபடி.

"வேணாம். நீங்க போனா கையில ஒரு வயலினோட வருவீங்க."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் பெட்டியின் மூடியை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். அண்ணி பார்க்காததுபோல் தலைவாரிக்கொண்டாள்.

தங்கை கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தொண்டைக்கு இதமாக எப்போதும் ஒரு மிட்டாயை வாயில் அடக்கியிருப்பாள். தைல வாசனை அவளுக்கு முன்னால் வாசல் தாண்டும்.

"சாயங்காலம் கட்டிட்டு மெசேஜ் போடறேன்டி" என்றாள் அண்ணி.

"ம்" என்றாள் வாயாடி.

*

அண்ணிக்குக் கண்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமைச் சூடுகாட்டி இளக்கி, லென்ஸை உட்கார வைத்து, வாடிக்கையாளரின் மூக்குக்கும் காதுக்கும் சரியாக வளைத்துக் கொடுக்கும் பகுதி அவளுடையது. அரை நாள் விடுப்புக் கேட்டதும் முதலாளி, "என்ன விசேஷம்?" என்றார்.

"ஒரு பொருளைத் திருப்பிக் குடுக்கணும் சார்."

"நம்மகிட்ட வாங்கினதா?"

"இல்ல சார்."

"அப்போ தாராளமா போயிட்டு வாம்மா" என்றார் அவர்.

மேட்டு ரோட்டு சிக்னல் எதிரே இறங்கும்போது மணி பதினொன்று. உள்ளே போனால் சுவர் முழுக்கக் கிதார்கள். மூலையில் ஒரு பியானோவின்மேல் 'தயவுசெய்து தொடவும்' என்று எழுதியிருந்தது. ஊது கருவிகள் இருந்த கண்ணாடி அலமாரியில் மட்டும் 'தொடாதீர்' என்று இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த கடைக்காரம்மா பெட்டியைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, டிரைவிங் ஸ்கூல் சாரோடதா? என்ன, சாருக்குக் காத்து பத்தலையா?"

"காத்தெல்லாம் நிறைய இருக்குங்க. கார்டுலதான் இடம் பத்தலை."

கடைக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "யாராச்சும் ஊதினீங்களா?"

"இல்லைங்க. ஒருத்தரும் ஊதலை."

அண்ணி அதைத் தயங்காமல் சொன்னாள். கடைக்காரம்மா பெட்டியைத் திறந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். கடைசியில், ஊதும் முனை. அதன்மேல் ஒரு மெல்லிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். கடையின் முத்திரை அது.

பட்டை இருந்தது. ஆனால் ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது.

"என்னம்மா இது?"

அண்ணி வாங்கிப் பார்த்தாள். மில்லிமீட்டர் கணக்கில் வேலை பார்த்துப் பழகிய கண். உரசிப் பிரிந்ததில்லை அது. நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி நிதானமாக உரித்திருந்தார்கள்.

"பெட்டிக்குள்ளயே பிரிஞ்சிருக்கும்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "ஒரு நிமிஷம்ங்க" என்று நகர்ந்து போய்க் கணவருக்குப் போன் செய்தாள்.

"ஹலோ... கிளட்ச்சை மெதுவா விடுங்க டாக்டர், மெதுவா... சொல்லும்மா."

"முத்திரை பிரிஞ்சிருக்கு. ஊதினீங்களா?"

"என்னது?"

"கிளாரினெட்டை ஊதினீங்களான்னு கேக்கறேன்."

"பிரேக், பிரேக், பிரேக்! ...அப்பாடா. இல்லம்மா. உன் மேல ஆணையா இல்ல."

"என் மேல வேணாம். டயர் மேலயே சொல்லுங்க."

மறுமுனையில் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் மெல்லச் சொன்னார்: "ஒரு தடவை பொய் சொல்லிட்டேன். அதுக்கு நீ என்ன வேணா சொல்லலாம். ஆனா இதை நான் ஊதலை. ஊதணும்னு எவ்வளவு ஆசை இருந்திச்சுன்னு எனக்குத்தான் தெரியும். ஊதலை."

அண்ணி போனை வைத்தாள். இவரை நம்புவதா வேண்டாமா என்பதை அந்த இடத்திலேயே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. ஒரு தடவை ஏமாந்தவள் மறுபடி நம்புவது சுலபமில்லை. ஆனால் நம்பாமல் இருப்பதும் அவளுக்குச் சுலபமாக இல்லை.

திரும்பி வந்து முனையைக் கையில் எடுத்தாள். அடிப்பக்கத்தில் ஒரு நாணல் தகடு. ஈரம் பட்டுக் காய்ந்த தடம் அதில் தெரிந்தது. முகத்தருகே கொண்டுபோனாள்.

தைல வாசனை.

முனையைப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியைச் சுமந்து வந்தபோது இல்லாத கனம் இப்போதுதான் தெரிந்தது.

"நான் சொன்னது தப்புங்க" என்றாள். "ஊதியிருக்காங்க. எங்க வீட்டு ஆள்தான். எனக்கு இப்பதான் தெரியுது."

கடைக்காரம்மா எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். காற்றில் பிரிந்தது, பூனை பிரித்தது, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று கதை கேட்டே பழகிப்போனவர். ஒருத்தி தானாக ஒப்புக்கொண்டதும் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. வாயில வெச்ச பொருள். பல் தேய்ச்ச பிரஷ்ஷைக் கடைக்குத் திருப்பிக் குடுக்க முடியுமா? அந்த மாதிரிதான். எனக்கு மனசு வந்தாலும் அடுத்து வாங்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

"நியாயம்தாங்க" என்று அண்ணி பெட்டியை மூடினாள்.

கதவுவரை போனவளைக் கடைக்காரம்மா கூப்பிட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு புதிய நாணல் தகட்டை எடுத்து நீட்டினார். "அதுல இருக்கறது சும்மா பேருக்கு வெக்கிற தகடு. முதல் நாள் எவ்வளவு ஊதினாலும் ஒழுங்கா வராது, பாவம், மனசு விட்டுடுவாரு. இதை மாத்திக்கச் சொல்லுங்க. காசு வேணாம்."

*

தங்கையின் அலுவலகக் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலை இருந்தது. மதிய இடைவேளைக்கு இறங்கி வந்தவள், மூலை மேசையில் கறுப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் அண்ணியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஹெட்செட் அழுத்திய தடம் தலைமுடியில் இன்னும் இருந்தது.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"எப்ப ஊதினே?"

மறுக்கவில்லை. "காலையில. நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. அண்ணன் கீழ வண்டி கழுவிட்டு இருந்தாரு."

"எனக்குச் சத்தமே கேக்கலையே?"

"சத்தமே வரலை அண்ணி. 'உஸ்'னு காத்துதான் போச்சு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "சிரிக்க வெக்காதே, நான் கோவமா வந்திருக்கேன். ஏண்டி இப்படிப் பண்ணினே? உன் படிப்புக்குத்தானே அதைத் திருப்பிக் குடுக்கறோம்? தானே தன் சோத்துல மண் அள்ளிப் போட்டுக்குவாங்களா யாராவது?"

தங்கை மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அலுவலகக் குரல், படித்துச் சொல்வதுபோல ஒரே சீராக வந்தது.

"இன்னைக்குத் திருப்பிக் குடுத்தா இன்னைக்கே கார்டுல இடம் வந்துடும்னு நெனச்சீங்களா? வராது. கடையிலேருந்து அவங்க வங்கிக்குப் போய், அங்கேருந்து நம்ம வங்கிக்கு வந்து, கார்டுல ஏற வாரக்கணக்காகும். தவணையா வேற மாத்தியிருக்காரு. அதைத் தனியா ரத்து பண்ணணும். தினமும் அம்பது பேருக்கு இதைத்தான் சொல்றேன். 'பொருளைத்தான் குடுத்துட்டேனே, என் பணம் எங்கே'ன்னு கத்துவாங்க. பொறுமையா இருங்க சார்னு சொல்லுவேன்."

அண்ணி திகைத்துப்போனாள். எவ்வளவு சாதாரண விஷயம்! மூன்று பேரில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

"அப்போ திருப்பிக் குடுத்திருந்தாலும்..."

"அஞ்சு மணிக்கு எனக்கு இடம் போயிருக்கும். அண்ணனுக்கு அதுவும் போயிருக்கும். ரெண்டும் போகறதுக்கு ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

"அம்பது பேருக்குச் சொல்றவ எனக்கு ஒரு தடவை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க கழுத்துல கையை வெப்பீங்க."

அண்ணி குனிந்து பார்த்தாள். கை ஏற்கனவே சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று எடுத்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா இதேதான் அண்ணி" என்றாள் தங்கை. இப்போது குரல் அலுவலகக் குரலாக இல்லை. "நான் வந்தேன், நீங்க உங்க தையல் மெஷின் ரூமை எனக்குக் குடுத்தீங்க. மெஷினை வித்தீங்க. அண்ணன் ஞாயித்துக்கிழமையும் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சாரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மனுஷன் தனக்குன்னு ஒண்ணு வாங்கினாரு. அதையும் நான் புடுங்கணுமா?"

பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அண்ணி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் படிப்பு ஆபீஸ்ல போய், மொத்தமா முடியலை, கொஞ்சம் கொஞ்சமா கட்டறேன்னு கேட்டியா?"

"கேக்கலை."

"ஏன்?"

"நாள் பூரா 'விதிப்படி முடியாதுங்க'ன்னு சொல்றவ நான். எனக்கும் அதையேதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே. நீ சொல்றப்ப எத்தனை பேர் செத்தா போயிட்டாங்க? மறுபடி போன் பண்ணத்தானே செய்யறாங்க?" அண்ணி எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "உங்க மேலதிகாரிகிட்ட வயித்து வலின்னு சொல்லு. வேணாம், பொய் வேணாம். வீட்டுல ஒரு அவசரம்னு சொல்லு. அது உண்மைதான்."

*

மேலதிகாரி விட்டு, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போது மணி நாலு. படிப்பு அலுவலகத்தில் ஒரே மேசை, ஒரே பெண்மணி. அண்ணி வணக்கம் சொல்லி விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மாள் புன்னகையோடு தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை அசைத்தார். கேட்காது.

அண்ணி பைக்குள் கையைவிட்டுப் பேனாவை எடுத்தாள். அம்மாள் தலையை அசைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்துக் கைகளால் ஏதோ சொன்னார்.

"என்னடி சொல்றாங்க?"

"இந்தப் படிப்புக்கு வர்றவ கூட இருக்கறப்ப பேனா எதுக்குன்னு கேக்கறாங்க. என்னையே கேக்கச் சொல்றாங்க."

இரண்டு வருஷமாக யாரிடமும் எதுவும் கேட்காதவள். உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து போய் எடுத்துக்கொள்வாளே தவிர, நீட்டச் சொல்ல மாட்டாள். அவள் கைகளை உயர்த்தினாள். 

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை மெதுவாகக் 'கேட்டாள்'. ஓரிடத்தில் தடுமாறினாள். அம்மாள் அவள் விரலைப் பிடித்துச் சரியாக மடக்கிக் காட்டினார், தொடரச் சொன்னார். பிறகு சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டினார். 'முழுக் கட்டணமும் ஒரே தடவையில்.' தங்கையின் கைகள் மடியில் விழுந்துவிட்டன.

அண்ணி அவள் முதுகில் ஒரு விரலால் தட்டினாள். மறுபடி கேள், என்று அர்த்தம். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

கைகள் மறுபடி எழுந்தன. இந்தத் தடவை தடுமாறவில்லை. ரொம்ப நேரம் பேசினாள். ஒரு கட்டத்தில் திரும்பி அண்ணியைக் காட்டினாள். அம்மாளும் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னைப் பத்தி என்னடி சொன்னே?"

"அப்புறம் சொல்றேன்."

அம்மாள் எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவு மூடியது. சுவர்க் கடிகாரம் நாலரை தாண்டியிருந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். கேட்பது குறைவு என்று சொன்னேன் அல்லவா, அந்த ஐந்து நிமிஷமும் அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

வெளியே வந்த அம்மாள் கைகளால் சொன்னதைத் தங்கை உரக்கச் சொன்னாள். தன் குரலையே நம்பாததுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"மூணுல ஒரு பங்கு இன்னைக்கு. மிச்சம் வகுப்பு தொடங்கறதுக்குள்ள. நீங்க ஜாமீன் கையெழுத்துப் போடணுமாம்."

கார்டில் மிச்சமிருந்த வரம்பில் அந்த ஒரு பங்கு அடங்கியது. அவ்வளவுதான் அடங்கியது. இயந்திரம் ரசீதைத் துப்பியதும் அம்மாள் அதைக் கிழித்துத் தங்கையிடம் கொடுத்து, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரல்களைச் சிலுசிலுவென்று ஆட்டினார்.

"கைதட்டறாங்க" என்றாள் தங்கை. அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

கொடுப்பதை மட்டும்தான் நாம் தர்மம் என்று எண்ணுகிறோம். கேட்பதற்கும், கொடுப்பதை வாங்கிக்கொள்வதற்கும் ஒரு பணிவு வேண்டியிருக்கிறது. தங்கைக்கு அது இரண்டு வருஷம் கழித்து இன்றுதான் கை வந்தது.

*

அவர்கள் வீடு திரும்பியபோது அண்ணன் முன்பே வந்து, விளக்கைக்கூடப் போடாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு கவர்.

"இந்தா வாயாடி" என்று தங்கை பக்கம் நகர்த்தினார். "இதை வெச்சுக் கேட்டுப் பாரு, நாளைக்குக் கட்டினா எடுத்துக்குவாங்களான்னு."

"என்னங்க இது?" என்றாள் அண்ணி.

"வித்துட்டேன்."

"எதை?"

"அதைத்தான்." கண்ணால் பெட்டியைக் காட்டினார். "நீ போன் பண்ணினப்ப வண்டி ஓட்டிட்டு இருந்தாரே பல் டாக்டர், அவர்கிட்ட. கடையில எடுக்கலைன்னா நான் எடுத்துக்கறேன்னாரு. யாரோ ஊதியிருக்காங்க டாக்டர்னு சொன்னேன். 'பரவாயில்லை, வாயைச் சுத்தம் பண்றதுதானே என் தொழில்'னாரு. இது முன்பணம். நாளைக்கு வந்து மிச்சத்தைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போறாரு."

தங்கை ரசீதை மேசைமேல் வைத்தாள். கவருக்குப் பக்கத்தில் ரசீது. அண்ணன் ஒன்றையும் இன்னொன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டியாச்சா?"

"ஒரு பங்கு."

"அப்போ யார் ஊதினது?"

தங்கை கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. பிறகு காலையில் நடந்ததையெல்லாம் சொன்னாள். அந்த வீட்டில் அவள் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.  முடிந்ததும் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உஸ்னு காத்து மட்டும்தான் வந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா."

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருந்தா போதுமே, நான் டாக்டர்கிட்ட போயே இருக்க மாட்டேனே!"

"டயர் மாத்தினவர் பேசறாரு" என்றாள் அண்ணி.

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் கவர் இன்னும் அங்கேயே இருப்பது தெரிந்தது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது. முன்பணமும் வாங்கியாகிவிட்டது. மிச்ச இரண்டு பங்கு கட்டணத்துக்கு அந்தப் பணம் உதவவும் செய்யும். 

அண்ணி எழுந்து பெட்டியைத் திறந்தாள். "ஊதுங்க."

"வித்த பொருளைம்மா..."

"நாளைக்குத்தானே வர்றாரு? இன்னைக்கு இது நம்ம வீட்டுப் பொருள்தான். தவணை என் பேர்லதான் ஓடுது. நான் சொல்றேன், ஊதுங்க."

அண்ணன் துண்டுகளைப் பொருத்தினார். முதல் தடவையாக அதில் ஊதும் முனையையும் சேர்த்தார். பதினைந்து நாள் பழகிய விரல்கள் தாமாகவே துளைகளில் போய் உட்கார்ந்தன. கன்னத்தை உப்பி ஊதினார்.

வாத்து ஒன்று கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதுபோல் ஒரு சத்தம் வந்தது.

தங்கை காதைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. "இதுக்கா அத்தனை நாள்..." என்று முனகினார்.

"இருங்க" என்று அண்ணி பையிலிருந்து புதிய நாணல் தகட்டை எடுத்துக் கொடுத்தாள். "கடைக்காரம்மா குடுத்தாங்க. சும்மாதான் குடுத்தாங்க."

தகட்டை மாற்றினார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். இந்தத் தடவை கன்னத்தை உப்பவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் கிளட்ச்சை விடச் சொல்வாரே, அப்படி மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டார்.

ஒரே ஒரு சுரம். நீளமாக, சுத்தமாக வந்தது. அறையின் மூலைவரை போய் நின்றது. தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டு, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரல்களை ஆட்டினாள்.

அப்போது வாசல் மணி அடித்தது.

அண்ணிதான் போய்த் திறந்தாள். கையில் இன்னொரு கவரோடு பல் டாக்டர் நின்றிருந்தார். "நாளைக்கு வேலை வந்துடுச்சும்மா, அதான் இன்னைக்கே..." என்றவர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

"வெளியில நின்னு கேட்டேன். யார் ஊதினது?"

கிளாரினெட்டைக் கையில் பிடித்தபடியே அண்ணன் எழுந்து நின்றார்.

"நான்தான் டாக்டர்" என்றார். "நான்தான் ஊதினேன்."

 டாக்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். மேசையில் கிடந்த தன் பழைய கவருக்குப் பக்கத்தில் புதுக் கவரையும் வைத்தார். ஆனால், கொடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்போல, அதன்மேலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.